எங்கே பிடித்துச் சோதிப்பது?

2020 அக்டோபர் 20 அன்று ரியாக்ட் 17 வெளிவந்தது. ஃபேஸ்புக்கில் பிறந்த ரியாக்ட், இணையப் பக்கங்களில் நாம் பார்க்கும் பட்டன், பட்டியல், படிவம் முதலான உறுப்புகளை, அதாவது காம்போனென்ட்டுகளை, கட்டியெழுப்பப் பயன்படும் ஃபிரேம்வொர்க். இந்தப் பதிப்பில் டெவலப்பர்களுக்கான புதிய வசதி எதுவும் இல்லை என்று அதை உருவாக்கியவர்களே அறிவித்திருந்தார்கள். இனி வரும் பதிப்புகளுக்குப் படிப்படியாக மாறப் பாதை போட்டுக் கொடுப்பதுதான் அதன் வேலை. ஃபேஸ்புக்கின் சொந்த நிரலில் இருந்த 1,00,000-க்கும் மேற்பட்ட காம்போனென்ட்டுகளில் 20-க்கும் குறைவானவற்றையே திருத்த நேர்ந்தது என்றும் அந்த அறிவிப்பு சொன்னது.

இவ்வளவு சாதுவான பதிப்பில்தான் என்ஸைம் நின்றுபோனது.

என்ஸைம், ரியாக்டில் எழுதிய நிரல்களைச் சோதிக்கும் கருவி. ஏர்பிஎன்பி நிறுவனம் 2015 டிசம்பரில் அதை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. சில ஆண்டுகளுக்குள் ரியாக்ட் குழுக்கள் பலவற்றின் அன்றாடக் கருவியாக அது ஆகிவிட்டது. ரியாக்ட் 0.13-இலிருந்து 16 வரை வந்த ஒவ்வொரு பெரிய பதிப்போடும் அது பொருந்தி ஓடியது. 17-க்கான அதிகாரபூர்வ ஆதரவு மட்டும் கடைசிவரை வரவில்லை. அதை நம்பி எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான சோதனைகள் பழைய பதிப்போடு கட்டுண்டு கிடந்தன. அவற்றோடு சேர்ந்து அந்த மென்பொருள்களும்.

ஃபேஸ்புக்கின் காம்போனென்ட்டுகளை ஏறக்குறைய தொடாமலே விட்ட ஒரு மாற்றம், சோதனைக் கருவியை மட்டும் முடக்கியது எப்படி? அந்தக் கருவி ரியாக்டை எந்த இடத்தில் பிடித்திருந்தது என்பதில் இருக்கிறது விடை.

சோதனை எதைத் தொடுகிறது

நிரலைச் சோதிக்க எழுதும் இன்னொரு சிறு நிரலே சோதனை. "கூடையில் சேர்" என்ற பட்டனை அழுத்தினால் கூடையில் ஒரு பொருள் கூட வேண்டும். கூடவில்லை என்றால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். இத்தகைய சோதனைகள் ஆயிரக்கணக்கில் திரண்டுவிட்டால், எந்த டெவலப்பரும் துணிந்து நிரலைத் திருத்தலாம். எங்காவது எதையாவது உடைத்துவிட்டால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

அந்தப் பட்டனை இரண்டு வழிகளில் சோதிக்கலாம். முதல் வழி, திரையில் "கூடையில் சேர்" என்ற பெயருள்ள பட்டனைத் தேடி அழுத்தி, "1 பொருள்" என்ற எழுத்து திரையில் தோன்றுகிறதா என்று பார்ப்பது. இரண்டாவது வழி, கூடை காம்போனென்ட்டின் உள்ளே புகுந்து, எண்ணிக்கையைச் சேமித்து வைத்திருக்கும் மாறியின் மதிப்பு 1 ஆகிவிட்டதா என்று படிப்பது. வீட்டில் தண்ணீர் வருகிறதா என்று குழாயைத் திறந்தும் பார்க்கலாம், சுவரைக் கொத்தி உள்ளே ஓடும் பைப்பைத் தொட்டும் பார்க்கலாம். பிளம்பர் பைப்பை வேறு சுவர் வழியாகத் திருப்பிவிட்டால், தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போதே இரண்டாவது சோதனை "தண்ணீர் இல்லை" என்று சொல்லும்.

என்ஸைம் இரண்டாவது வழியை மிக எளிதாக்கிய கருவி. காம்போனென்ட்டின் உள்நிலையைப் படிக்கலாம், மாற்றலாம், அதன் உள் செயல்களை நேரடியாக அழைக்கலாம். ஒரு காம்போனென்ட்டுக்குள் இன்னொன்று இருந்தால், உள்ளே இருப்பதை ஓட்டாமல் மேல் அடுக்கை மட்டும் ஓட்டிப் பார்க்கும் வசதியும் உண்டு. சோதனைகள் வேகமாக ஓடின. குழப்பமான சார்புகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. 2016, 2017-இல் இந்த வசதிகளுக்காகவே அதை விரும்பினார்கள். விலை பின்னால் வந்தது.

எட்டு அடாப்டர்கள்

2017 செப்டம்பர் 26 அன்று வந்த ரியாக்ட் 16, அதன் இயந்திரத்தையே மாற்றியது. பழைய இயந்திரம் காம்போனென்ட் மரத்தின் மேலிருந்து கீழே ஒரே மூச்சில் இறங்கும். இடையில் நிறுத்த முடியாது. ஃபைபர் என்ற புதிய இயந்திரம், ஒவ்வொரு காம்போனென்ட்டையும் ஒரு சிறு குறிப்பேடாக வைத்துக்கொண்டது. "என் முதல் குழந்தை யார், என் அடுத்த உடன்பிறப்பு யார், நான் யாரிடம் திரும்ப வேண்டும்" என்று ஒவ்வொரு குறிப்பேடும் சொல்லும். இதனால் வேலையைப் பாதியில் நிறுத்திப் பிறகு தொடர வழி பிறந்தது. ரியாக்டைப் பயன்படுத்தியவர்களின் நிரல் பெரும்பாலும் அப்படியே ஓடியது. உள்ளே கைவிட்டுப் படித்துக்கொண்டிருந்த என்ஸைமுக்கோ, நேற்றுவரை அறிந்திருந்த வீடு இன்று வேறு வீடாகிவிட்டது.

அதே மாதம் வெளிவந்த என்ஸைம் 3 அதற்கு ஒரு நல்ல பொறியியல் தீர்வைக் கொண்டுவந்தது. கருவியின் பொதுவான பகுதியைத் தனியாகவும், ரியாக்டின் உள்ளமைப்பைப் படிக்கும் பகுதியை அடாப்டர் என்ற பெயரில் தனியாகவும் பிரித்தார்கள். ரியாக்ட் மாறும்போது அடாப்டரை மட்டும் புதிதாக எழுதினால் போதும். சோதனைகளை எழுதியவர்கள் எதையும் மாற்ற வேண்டாம்.

நடைமுறையில் அந்த அடாப்டர்களின் எண்ணிக்கையே ஒரு கதை சொல்கிறது. 0.13-க்கு ஒன்று, 0.14-க்கு ஒன்று. 15.4 வரை ஒன்று, 15.5 முதல் இன்னொன்று. 16.0, 16.1 இரண்டுக்கும் ஒன்று, 16.2-க்கு ஒன்று; 16.3-க்கு ஒன்று, 16.4 முதல் மேலே உள்ளவற்றுக்கு ஒன்று. ஆக எட்டு. ஒரே பெரிய பதிப்பான 16-க்கு மட்டும் நான்கு தேவைப்பட்டது.

மென்பொருள் உலகில் பதிப்பு எண்ணுக்கு ஓர் உடன்பாடு உண்டு. 16.3.2 என்றால், முதல் எண் மாறினால் பழைய நிரல் உடையலாம். நடு எண் மாறினால் புதிய வசதி வந்திருக்கிறது, எதுவும் உடையக் கூடாது. கடைசி எண் பிழைத்திருத்தம். நடு எண் மாறும்போதும் என்ஸைம் உடைந்ததால் ரியாக்ட் குழு வாக்குத் தவறியது என்று ஆகாது. அந்த வாக்கு வெளிவாசலுக்கு மட்டுமே. வீட்டுக்குள் இருப்பதை எப்போது வேண்டுமானாலும் இடம் மாற்ற அவர்களுக்கு உரிமை இருந்தது.

அடாப்டருக்குள் ஒரு கோப்பைத் திறந்து பார்த்தால் இந்த வேலையின் கடினம் புரியும். ஃபைபர் குறிப்பேடு ஒவ்வொன்றிலும் அது எந்த வகை என்று சொல்லும் எண் ஒன்று இருக்கும். கிளாஸ் முறையில் எழுதிய காம்போனென்ட்டுக்கு ரியாக்ட் 16.0-இல் அந்த எண் 2. பதிப்பு 16-இன் பிந்தைய வெளியீடுகளில் அதே வகைக்கு எண் 1. வெளியே யாருக்கும் இதை அறிவிக்க வேண்டிய கட்டாயம் ரியாக்டுக்கு இல்லை. ஆகவே அடாப்டரை எழுதியவர்கள் எண்களை நம்புவதையே விட்டுவிட்டார்கள். சோதனை தொடங்கும்போது அந்தக் கோப்பு மிகச் சிறிய கிளாஸ் காம்போனென்ட் ஒன்றை உருவாக்கி, ரியாக்டிடம் கொடுத்து ஓட்டி, அதற்கு ரியாக்ட் என்ன எண் போட்டது என்று படித்துக்கொள்ளும். பிறகு ஃபங்ஷன் காம்போனென்ட்டுக்கு, பிறகு வெறும் எழுத்துக்கு என்று ஒவ்வொரு வகையாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளும். யாரும் எழுதித் தராத அகராதியை, ஒவ்வொரு முறையும் பேச்சுக் கொடுத்தே தொகுப்பது போன்ற உழைப்பு இது. அதைச் செய்தவர்கள் மிகத் திறமையானவர்கள்.

ஹூக்குகள் வந்த பிறகு

2019 பிப்ரவரி 6 அன்று ரியாக்ட் 16.8-இல் ஹூக்குகள் வந்தன. அதுவரை உள்நிலை வேண்டுமானால் கிளாஸ் எழுத வேண்டும். இனி சாதாரண ஃபங்ஷனே தன் நிலையை வைத்துக்கொள்ளலாம். ரியாக்ட் எழுதும் பாணியே மாறத் தொடங்கியது.

நம் கூடையை ஒரு டெவலப்பர் கிளாஸிலிருந்து ஹூக்குகளுக்கு மாற்றி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பயனருக்கு எந்த வித்தியாசமும் இல்லை. பட்டன் அதே பட்டன், எண்ணிக்கை அதே எண்ணிக்கை. ஆனால் உள்நிலையைப் படிக்கும் என்ஸைம் சோதனை, அந்தச் செயலை கிளாஸ் காம்போனென்ட்டின் மேல் மட்டுமே அழைக்க முடியும் என்ற பிழைச் செய்தியோடு விழும். மேல் அடுக்கை மட்டும் ஓட்டும் முறையில் இன்னொரு சிக்கல். திரையில் வந்த பிறகு ஓட வேண்டிய வேலைகளுக்கான எஃபெக்ட் ஹூக் அந்த முறையில் ஓடுவதே இல்லை. பக்கம் திறந்ததும் சர்வரிடமிருந்து தகவல் கொண்டுவரும் காம்போனென்ட் என்றால், அதன் முக்கியமான பாதி சோதனைக்கு எட்டாமலே போனது.

பிறகு 17 வந்தது. காம்போனென்ட்டிலிருந்து ஃபைபர் குறிப்பேட்டுக்குப் போகும் உள்வழிக்கு 16-இல் "ரியாக்ட் இன்டர்னல் ஃபைபர்" என்று பெயர். 17-இல் அது "ரியாக்ட் இன்டர்னல்ஸ்" ஆனது. கிளிக் போன்ற நிகழ்வுகளை ஆவணத்தின் உச்சியில் நின்று கவனித்த ரியாக்ட், இனி தான் குடியிருக்கும் பகுதியின் வாசலில் நின்று கவனித்தது. ஒரு பெயர் மாற்றத்தை ஒரு வரியில் சரிசெய்யலாம். இதுபோன்ற ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து, ஹூக்குகள் வந்த பிறகு சேர்ந்த கடனையும் அடைத்து, பழைய எட்டு அடாப்டர்களையும் உடையாமல் காக்க ஆட்கள் வேண்டும். விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரிடமே அந்தப் பொறுப்பு இருந்தது. ஏர்பிஎன்பியே 2020-இல் புதிய சோதனைகளை வேறு கருவியில் எழுதத் தொடங்கியிருந்தது.

தன்னார்வ டெவலப்பர் ஒருவர் 17-க்கான அடாப்டரைத் தானே செய்து வெளியிட்டார். பல நிறுவனங்கள் அதில்தான் உயிர் பிடித்திருந்தன. 2022 மார்ச் 29 அன்று ரியாக்ட் 18 வந்தபோது பக்கத்தைத் தொடங்கும் முறையே மாறியது. ஏறக்குறைய எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டிய நிலை. 18-க்கு அடாப்டர் வராது என்று அவரே சொல்லி, வேறு கருவிக்கு மாறும்படி எல்லோருக்கும் அறிவுரை கூறினார். நிறுவனங்கள் இலவசமாக எடுத்துக்கொண்ட ஓர் உழைப்புக்கு அவர் கொடுத்த நேர்மையான முடிவு அது.

17 வந்த நேரத்திலேயே இன்னொரு மாற்றமும் வலியைக் கூட்டியது. நிரல் தொகுப்புகளை நிறுவும் என்பிஎம் என்ற கருவி, 2020 அக்டோபரில் வந்த 7-ஆம் பதிப்பில் கறாராகிவிட்டது. "எனக்கு ரியாக்ட் 16 வேண்டும்" என்று அடாப்டர் சொல்ல, நிரலில் 17 இருந்தால், முன்பு எச்சரிக்கை மட்டும் வரும். இப்போது நிறுவுவதே நின்றுபோகும். பழைய மாதிரியே நடந்துகொள் என்று கட்டளையிடவும் வழி உண்டு. அப்படிக் கட்டளையிட்டு நாள் கடத்திய குழுக்கள் எத்தனையோ.

வெளியிலிருந்து பிடித்த கருவி

2018 மார்ச்சில் கென்ட் சி. டாட்ஸ் ரியாக்ட் டெஸ்டிங் லைப்ரரியை வெளியிட்டார். உள்நிலையைப் படிக்கும் வசதியை அதில் வேண்டுமென்றே வைக்கவில்லை. பயனர் எப்படிப் பக்கத்தைப் பயன்படுத்துகிறாரோ அதற்கு நெருக்கமாகச் சோதனை இருக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. பட்டனைத் தேட வேண்டுமா? "பட்டன் என்ற பணி, கூடையில் சேர் என்ற பெயர்" என்று கேட்க வேண்டும்.

அந்தப் பணியும் பெயரும் ரியாக்டுக்குச் சொந்தமானவை அல்ல. பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள்களுக்காக டபிள்யூ3சி அமைப்பு வகுத்த ஏரியா தரநிலையிலிருந்து வந்தவை. ஃபிரேம்வொர்க்குகள் ஆண்டுதோறும் மாறினாலும் அந்தத் தரநிலை அவ்வளவு எளிதில் மாறாது. இதில் ஒரு கூடுதல் நன்மையும் உண்டு. பெயரே இல்லாத, படம் மட்டும் ஒட்டிய பட்டனைச் சோதனையால் பெயர் சொல்லிக் கண்டுபிடிக்க முடியாது. அதே பட்டனைத் திரைவாசிப்பானும் பெயர் சொல்லி அறிவிக்க முடியாது. சோதனை விழும்போது ஒரு பார்வையற்ற பயனரின் சிரமமும் வெளியே தெரிகிறது.

கூடையை கிளாஸிலிருந்து ஹூக்குகளுக்கு மாற்றினாலும் இந்தச் சோதனை அப்படியே நிற்கும். ரியாக்ட் 16-இலிருந்து 17-க்கு மாறினாலும் நிற்கும்.

ஆனாலும் முழு விடுதலை இந்தக் கருவிக்கும் கிடைக்கவில்லை. இடத்தை வெளியே மாற்றிக்கொண்டாலும் நேரத்தை அது ரியாக்டிடம்தான் கேட்க வேண்டும். பட்டனை அழுத்தியபின் திரை எப்போது மாறி முடிந்தது என்று ரியாக்டுக்குத்தான் தெரியும். அதற்காக 16.8-இல் ஆக்ட் என்ற செயலை ரியாக்ட் தந்தது. அதனுள் நடப்பவை எல்லாம் முடிந்த பிறகே சோதனை அடுத்த வரிக்குப் போகும். முதலில் அது உடனடியாக முடியும் வேலைகளை மட்டும் புரிந்துகொண்டது. சர்வர் பதிலுக்குக் காத்திருப்பது போன்றவற்றுக்கு 2019 ஆகஸ்டில் வந்த 16.9 வரை பொறுக்க வேண்டியிருந்தது. அதுவரை டெவலப்பர்களின் திரையில் எச்சரிக்கைச் செய்திகள் குவிந்தன.

ரியாக்ட் 18-க்காக டெஸ்டிங் லைப்ரரி 13-ஆம் பதிப்பை வெளியிட்டது. அது 17-ஐயும் அதற்கு முந்தையவற்றையும் கைவிட்டது. பழைய ரியாக்டில் இருப்பவர்கள் 12-ஆம் பதிப்பிலேயே தங்க வேண்டும். 2024 டிசம்பரில் வந்த ரியாக்ட் 19, ஆக்டைப் பழைய இடத்திலிருந்து எடுத்து ரியாக்டின் மையத் தொகுப்பில் வைத்தது. டெஸ்டிங் லைப்ரரியில் இதற்கென்றே ஒரு சிறு கோப்பு இருக்கிறது. புதிய இடத்தில் ஆக்ட் இருந்தால் அதை எடு, இல்லையேல் பழைய இடத்தில் இருப்பதை எடு என்பதே அதன் சாரம். எட்டு அடாப்டர்கள் சுமந்த பாரம் இங்கே சில பத்து வரிகளாகச் சுருங்கிவிட்டது.

புரோட்ராக்டரின் முடிவு

ரியாக்டுக்கு மட்டும் நேர்ந்த கதை அல்ல இது. கூகுளின் ஆங்குலர் ஃபிரேம்வொர்க்குக்காக 2013-இல் உருவான கருவி புரோட்ராக்டர். அது பிரவுசரையே இயக்கும், ஒவ்வொரு கட்டளைக்கு முன்பும் ஆங்குலரிடம் "உன் வேலைகள் முடிந்தனவா?" என்று கேட்டுக் காத்திருக்கும். ஜாவாஸ்கிரிப்டில் காத்திருக்கும் கட்டளைகளை எளிதாக எழுத வழி இல்லாத காலம் அது. எனவே பிரவுசரை இயக்கும் கருவியான செலினியத்தின் வெப்டிரைவர் தொகுப்பில் இருந்த கட்டுப்பாட்டு வரிசை என்ற ஏற்பாட்டின் மேல் புரோட்ராக்டரைக் கட்டினார்கள்.

2017-இல் அசிங்க், அவெயிட் என்ற இரண்டு சொற்கள் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் பகுதியாகவே ஆயின. கட்டுப்பாட்டு வரிசைக்குத் தேவை போய்விட்டது. செலினியம் 4 அதை நீக்கியது. புரோட்ராக்டர் செலினியம் 3-இலேயே தங்கிவிட்டது. முன்னேறினால் தன்னைப் பயன்படுத்தும் எல்லோருடைய சோதனைகளையும் உடைக்க வேண்டும். 2021 ஏப்ரலில் ஆங்குலர் குழு, கருவியை 2022 இறுதியோடு முடித்துக்கொள்ளும் திட்டத்தை வெளிப்படையாக அறிவித்துக் கருத்துக் கேட்டது. ஓர் ஆண்டுக்கும் மேல் அவகாசம் கொடுத்து, மாறக்கூடிய வேறு கருவிகளையும் காட்டி ஒரு கருவியை விடைகொடுத்து அனுப்பிய விதம் மற்றவர்கள் பின்பற்றத் தக்கது.

கூகுளில் பணியாற்றிய பொறியாளர் ஹைரம் ரைட்டின் பெயரால் ஒரு விதி வழங்குகிறது. போதுமான பயனர்கள் சேர்ந்துவிட்டால், நீங்கள் எந்த உறுதிமொழி கொடுத்திருந்தாலும் சரி, வெளியே தெரியும் உங்கள் நிரலின் ஒவ்வொரு நடத்தையையும் யாராவது ஒருவர் நம்பி இருப்பார் என்பதே அதன் பொருள். ரியாக்ட் குழு இதை நன்றாக அறிந்திருந்தது. உள் உறுப்புகளை வைத்திருந்த பெட்டிக்கு நெடுங்காலம் அவர்கள் இட்டிருந்த பெயரின் பொருள், "இரகசிய உறுப்புகள், பயன்படுத்தாதே, பயன்படுத்தினால் வேலை போய்விடும்". அப்போதும் பயன்படுத்தினார்கள். ரியாக்ட் 19-இல் அந்தப் பெயர் மாறியது. புதிய பெயர் பயனர்களை நினைவுபடுத்துகிறது: பயன்படுத்தாதே, இல்லையேல் உன் பயனர்களால் அடுத்த பதிப்புக்கு மாற முடியாது என்று அவர்களை எச்சரித்துவிடு.

பழைய சோதனைகளை என்ன செய்வது

என்ஸைமில் எழுதியவற்றை அழித்துவிட்டுப் போகலாமே என்று தோன்றும். அழிக்க முடியாது. ஒவ்வொரு சோதனையும் எப்போதோ யாரோ கண்டுபிடித்த பிழையின் நினைவு. அழித்தால் அந்தப் பிழை திரும்பி வரும்போது தடுக்க ஆள் இருக்காது. திரும்ப எழுதினால், சோதனை சொல்ல வந்த கருத்தைக் காப்பாற்றிக்கொண்டு பிடியை மட்டும் மாற்ற வேண்டும். உள்நிலை 1 ஆனதா என்ற கேள்வி, திரையில் "1 பொருள்" தெரிகிறதா என்ற கேள்வியாக வேண்டும். வார்த்தைக்கு வார்த்தை மாற்றும் நிரலால் இது முடியாது. காம்போனென்ட் திரையில் என்ன காட்டுகிறது என்று புரிந்திருக்க வேண்டும்.

ஸ்லாக் நிறுவனத்தில் இத்தகைய சோதனைகள் 15,000-க்கும் மேல் இருந்தன. அங்கே இலக்கண விதிப்படி நிரலை மாற்றும் கருவியையும் செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரியையும் இணைத்துப் பயன்படுத்தினார்கள். ஏர்பிஎன்பியில் ஏறக்குறைய 3,500 சோதனைக் கோப்புகள். கையால் எழுதினால் ஒன்றரை ஆண்டு ஆகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். ஒவ்வொரு கோப்பையும் மொழி மாதிரியிடம் கொடுத்து, மாற்றியதை ஓட்டிப் பார்த்து, விழுந்தால் பிழைச் செய்தியோடு திரும்பக் கொடுத்து, தேறும்வரை சுற்றவிட்டார்கள். நான்கு மணி நேரத்துக்குள் 75% கோப்புகள் தேறின. தேறாதவற்றை ஆராய்ந்து கட்டளைகளைச் செப்பனிட்டு மேலும் நான்கு நாட்கள் உழைத்ததில் 97% ஆனது. மீதியை மனிதர்கள் முடித்தார்கள். மொத்தம் ஆறு வாரம்.

இந்த வேகம் பிரமிக்க வைக்கிறது. ஆனாலும் அந்த ஆறு வாரங்களுக்குப் பின்னால், இரண்டு பாணிச் சோதனைகளை ஒரே நிரலில் சுமந்த சில ஆண்டுகளும் இருக்கின்றன.

இன்று இத்தகைய கருவிகளைப் பராமரிப்பவர்கள் வெளியீட்டு நாள்வரை காத்திருப்பதில்லை. ரியாக்ட் குழு, இன்னும் முழுமையடையாத கேனரி பதிப்புகளையும் சோதனைமுறைப் பதிப்புகளையும் தொடர்ந்து வெளியிடுகிறது. 19-இல் நீக்கப்படப்போகும் வசதிகளைப் பற்றி முன்கூட்டியே எச்சரிப்பதற்கென்றே 2024 ஏப்ரலில் 18.3 வந்தது. டெஸ்டிங் லைப்ரரியின் நிரலில் யார் ஒரு வரி மாற்றினாலும், அது பழைய நிலையான பதிப்பு, இப்போதைய பதிப்பு, கேனரி, சோதனைமுறைப் பதிப்பு ஆகிய நான்கு ரியாக்டுகளிலும் தானாக ஓட்டிப் பார்க்கப்படுகிறது. கேனரி வரிசையில் சிவப்பு எரிந்தால், அந்த மாற்றம் உலகத்துக்குப் போவதற்கு மாதங்களுக்கு முன்பே பராமரிப்பவர் ரியாக்ட் குழுவிடம் போய்ப் பேசலாம். எதை எங்கே மாற்றலாம், எதைச் சற்றுத் தள்ளிப் போடலாம் என்று இரு தரப்பும் சேர்ந்து முடிவு செய்ய அப்போது நேரம் இருக்கிறது.